எந்த ஸ்விட்ச், யாருக்கு?

அலுவலகத்துக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் மூன்று விலைப்புள்ளிகளை எதிரில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். ஒன்றில் சிஸ்கோ, இன்னொன்றில் அருபா, மூன்றாவதில் டிபி-லிங்க். மூன்றுமே 24 போர்ட், மூன்றுமே கிகாபிட். விலை மட்டும் மடங்குக் கணக்கில் ஏறி இறங்குகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், "பிராண்டு சார்" என்பதோடு டீலர் நிறுத்திக்கொள்வார். அந்தப் பதிலை நம்பி அதிகம் கொடுத்தவர்களும் உண்டு, நம்பாமல் குறைவாகக் கொடுத்து இரண்டாவது ஆண்டில் மறுபடி வாங்கியவர்களும் உண்டு.

ஒரு போர்ட்டில் வந்த பேக்கெட்டை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்புவதுதான் ஸ்விட்சின் அடிப்படை வேலை. அதைப் பெயர் பெற்ற எல்லா நிறுவனங்களின் பெட்டியும் இன்று ஒழுங்காகச் செய்கிறது. பிராண்டுக்குப் பிராண்டு மாறுவது வேறு: உள்ளே ஓடும் மென்பொருள், லைசன்ஸ் விதிகள், பெட்டி செத்துப்போனால் மாற்று எப்போது வரும், பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும், உங்கள் ஊரில் அதைத் தெரிந்தவர் இருக்கிறாரா. ஒப்பிட வேண்டியது இவற்றைத்தான். "எது நல்ல பிராண்டு" என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. "எங்கள் அலுவலகத்தில் யார் இதைப் பராமரிக்கப் போகிறார்கள்" என்று தொடங்கினால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

1990-ல் கலிஃபோர்னியாவில் கல்பனா என்ற சிறு நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈதர்நெட் ஸ்விட்ச் என்று சொல்லத்தக்க முதல் கருவி அது. நிறுவனர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ். அதுவரை இருந்த ஹப், ஒரு கணினி அனுப்பியதை மற்ற எல்லாக் கணினிக்கும் அப்படியே அனுப்பும். எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பியது ஸ்விட்ச். 1993-ல் கிரெசெண்டோவையும் 1994-ல் கல்பனாவையும் சிஸ்கோ விலைக்கு வாங்கியது. கேட்டலிஸ்ட் வரிசை அப்படித்தான் வளர்ந்தது.

பேக்கெட்டைக் கடத்தும் வேலை ஒரு சிப்பில் நடக்கிறது. சிஸ்கோ தன் கேட்டலிஸ்ட் 9300-ல் சொந்தமாக வடிவமைத்த யுஏடிபி சிப்பை வைக்கிறது. அரிஸ்டா பெரும்பாலும் பிராட்காமிடம் வாங்குகிறது. மைக்ரோடிக்கின் சிஆர்எஸ்300 வரிசையில் இருப்பது மார்வெல் சிப். இப்படி வெளியில் வாங்கும் சிப்புகளே பல பிராண்டுகளில் ஓடுவதால், விவரத்தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகக் கணக்கை வைத்துப் பிராண்டுகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. 24 கிகாபிட் போர்ட்டும் மேலிணைப்புக்கு நான்கு கிகாபிட் போர்ட்டும் இருந்தால் எந்தப் பிராண்டானாலும் 56 ஜிபிபிஎஸ் என்றுதான் எழுதியிருக்கும். அந்த நான்கும் 10 கிகாபிட்டாக இருந்தால் 128 ஜிபிபிஎஸ், நொடிக்கு 9.5 கோடி பேக்கெட். போர்ட்டுகளின் வேகத்தைக் கூட்டி, போக வர என்று இரண்டால் பெருக்கிய எண் அது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஆனால் அதே எண் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும். 56 என்று இருந்தால் மேலிணைப்பு வெறும் கிகாபிட். கோப்புகளை மைய சர்வரில் வைத்து வேலை செய்யும் அலுவலகத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளைத் திறந்தால் நெரிசல் ஏற்படுவது அந்த ஒரு கம்பியில்தான். தணிக்கை அலுவலகத்துக்கு அது போதும். கட்டட வரைபட நிறுவனத்துக்கும் வீடியோ தொகுப்பகத்துக்கும் போதாது. அவர்கள் 10 கிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் உள்ள மாடலைத்தான் கேட்க வேண்டும்.

வெப்பத்தையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அலுவலகத்துக்கென்று செய்த ஸ்விட்சுகள் பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலைத் தாங்கும். மே மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறையில், மூடிய ரேக்குக்குள் அந்த எல்லையைத் தொடுவது எளிது. இரவில் ஏசியை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் இது இன்னும் மோசம். நூற்பாலையிலும் பின்னலாடை ஆலையிலும் பஞ்சுத்தூசியை மின்விசிறி உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும். அங்கே விசிறி இல்லாத மாடலை வாங்குங்கள். இயந்திரக் கூடத்துக்குள்ளேயே வைக்க வேண்டுமென்றால் மாக்ஸா, ஹிர்ஷ்மன், சிஸ்கோவின் ஐஇ வரிசை போன்ற தொழிற்சாலை ஸ்விட்சுகள் இருக்கின்றன. பல மாடல்கள் 70 டிகிரிக்கும் மேல் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் அங்கே சாதாரண ஸ்விட்ச் எந்தப் பிராண்டானாலும் நீடிக்காது.

மின்சாரக் கணக்கு

கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயின்ட், ஐபி தொலைபேசி மூன்றுக்கும் தனி அடாப்டர் வைக்காமல் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுப்பது பிஓஇ. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட் தரும். 2009-ல் வந்த 802.3ஏடி 30 வாட். அதைத்தான் பிஓஇ பிளஸ் என்கிறார்கள். 2018-ல் வந்த 802.3பிடி 60 வாட், 90 வாட் வரை போகும். ஆனால் இவையெல்லாம் ஒரு போர்ட்டுக்கான உச்சம். பெட்டி முழுவதற்கும் சேர்த்து எவ்வளவு என்பது தனிக் கணக்கு. 24 போர்ட்டும் 30 வாட் தர வேண்டுமானால் 720 வாட் வேண்டும். அந்த அளவுக்கு மின்வழங்கி வைத்த 24 போர்ட் ஸ்விட்ச் மலிவு விலையில் கிடைக்காது. சிஸ்கோவின் சிறுதொழில் வரிசையில் பெயரில் 24பி என்று வரும் மாடல் மொத்தம் 195 வாட்தான் தரும். 24எஃப்பி என்று வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும். யூபிக்விட்டியின் யுஎஸ்டபிள்யூ-24-பிஓஇ மாடலில் 24 போர்ட்டில் 16-க்குத்தான் மின்சாரம் உண்டு, அதுவும் மொத்தமே 95 வாட். விவரத்தாளில் இதை ஒளித்து வைப்பதில்லை. ஆனால் விலைப்புள்ளியில் "24 போர்ட் பிஓஇ" என்று ஒரே வரியாகச் சுருங்கி வருவதால் வாங்குபவர் கண்ணில் படாமல் போகிறது.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 16 கேமரா, தலா 7 வாட் என்றால் 112. வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட் ஆறு, தலா 20 வாட் என்றால் 120. ஐபி தொலைபேசி 12, தலா 5 வாட் என்றால் 60. மொத்தம் 292 வாட். இதற்கு மேல் கால் பங்கு கூட்டி 365 என்று வையுங்கள். காரணம், இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், மின்தேவை கூடும். பகலில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்று கையெழுத்திட்ட அலுவலகத்தில், இரவில் மட்டும் சில கேமராக்கள் அணைந்து அணைந்து வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இந்த 34 கருவிக்கும் 370 வாட் தரும் ஒரு 48 போர்ட் பெட்டி போதுமானது. ஆனால் நான் இரண்டு 24 போர்ட் பெட்டிகளையே பரிந்துரைப்பேன். கேமராக்களை ஒற்றை, இரட்டை என்று இரண்டிலும் பிரித்துப் பூட்டினால், ஒன்று பழுதானாலும் வளாகத்தில் பாதியாவது கண்காணிப்பில் இருக்கும். யுபிஎஸ் வாங்கும்போதும் இந்த 365 வாட்டைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்; பிஓஇ சுமையை மறந்துவிட்டு ஸ்விட்சுக்கு 40 வாட் என்று போட்டு வாங்கிய யுபிஎஸ் மின்தடையில் சில நிமிடங்களிலேயே கைவிட்டுவிடும்.

லைசன்ஸும் "ஆயுள்கால" வாரண்டியும்

ஸ்விட்சை வாங்கினால் அது நமதுதானே என்ற எண்ணம் சில பிராண்டுகளுக்குப் பொருந்தாது. சிஸ்கோ 2012-ல் வாங்கிய மெராக்கி முழுக்க இணையவழி நிர்வாகத்தில் ஓடுவது. அதன் வழக்கமான லைசன்ஸ் முறையில், சந்தா முடிந்து 30 நாள் அவகாசமும் கடந்தால் ஸ்விட்ச் வேலை செய்வதை நிறுத்திவிடும். அமைப்பது மிக எளிது, பல ஊர்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே அருமையான கருவி. ஆனால் அதை ஒரு பொருளாக நினைக்காமல் மாதாமாதம் ஓடும் செலவாக நினைத்துத்தான் வாங்க வேண்டும். சந்தாவைப் புதுப்பிக்கும் தேதி உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டலிஸ்ட் 9200, 9300 வாங்கும்போது மூன்று, ஐந்து அல்லது ஏழு ஆண்டுச் சந்தா ஒன்றும் சேர்ந்தே வரும். அது முடிந்தாலும் ஸ்விட்ச் நிற்காது. நிரந்தர லைசன்ஸில் அடிப்படை வசதிகள் தொடரும், மைய நிர்வாக வசதிகள்தான் போகும். விற்பவர் "புதுப்பிக்காவிட்டால் நின்றுவிடும்" என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அருபாவின் சிஎக்ஸ் 6000, 6100 போன்றவற்றில் ஸ்விட்சின் வசதிகளுக்குத் தனி லைசன்ஸ் கிடையாது; அருபா சென்ட்ரல் என்ற இணையவழி நிர்வாகம் வேண்டுமென்றால் மட்டும் சந்தா கட்டலாம். யூபிக்விட்டியின் யூனிஃபை மென்பொருளுக்குப் பணம் இல்லை. டிபி-லிங்க் ஓமாடாவின் கட்டுப்பாட்டு மென்பொருளை உங்கள் கணினியிலேயே இலவசமாக ஓட்டலாம்.

வாரண்டியில் "வரையறுக்கப்பட்ட ஆயுள்காலம்" என்ற சொல் அடிக்கடி வரும். ஆயுள் என்பது பெட்டியை முதலில் வாங்கியவர் வைத்திருக்கும் வரை. சிஸ்கோவின் விதியில், அந்த மாடலின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்ற எல்லையும் உண்டு. இரண்டாம் கை வாங்கியவருக்கு இது செல்லாது. இன்னொன்று: வாரண்டி என்பது பழுதான பெட்டிக்கு மாற்றுப் பெட்டி. நள்ளிரவில் தொலைபேசியை எடுத்து வழி சொல்லும் பொறியாளர் அதில் வரமாட்டார். அதற்கு சிஸ்கோவின் ஸ்மார்ட் நெட் போலத் தனி ஒப்பந்தம் வேண்டும். அதில் அடுத்த வேலைநாளில் மாற்று, நான்கு மணி நேரத்தில் மாற்று என்று படிகள் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு நான்கு மணி நேரச் சேவை உண்டா என்பதை ஒப்பந்தம் போடும் முன் எழுத்தில் கேளுங்கள். சென்னைக்குப் பொருந்துவது சிவகாசிக்குப் பொருந்த வேண்டுமென்பதில்லை.

மாடலின் வயதையும் பாருங்கள். நம் ஊர் அலுவலகங்களில் பரவலாக இருந்த கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் விற்பனை 2022 அக்டோபரோடு முடிந்தது; ஆதரவு 2027 அக்டோபரோடு முடிகிறது. கிடங்கில் மிச்சமிருக்கும் பழைய மாடலைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் நீங்கள் வாங்குவது அதன் மிச்ச ஆண்டுகளைத்தான்.

பிராண்டுகளின் குணம்

சிஸ்கோவின் பெரிய பலம் ஆள்பலம். அதன் சிசிஎன்ஏ சான்றிதழுக்குப் படித்தவர் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் கிடைப்பார். ஏதாவது ஒரு கட்டளைக்குப் பொருள் தெரியவில்லை என்றால் பதில் எங்காவது எழுதப்பட்டிருக்கும். ஆனால் பெயரில் ஒரு கவனம் வேண்டும். 2023-ல் வந்த கேட்டலிஸ்ட் 1200, 1300 இரண்டும் சிபிஎஸ் என்ற சிறுதொழில் வரிசையின் வாரிசுகள். அவற்றில் ஓடுவது 9000 வரிசையின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருள் அல்ல. விலைக்கு நல்ல ஸ்விட்சுகள்தான், 1300-ஐ நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்; ஆனால் கேட்டலிஸ்ட் என்ற பெயரைப் பார்த்து 9200-இன் வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. 9200, 9300 இரண்டும் மருத்துவமனை, கல்லூரி, பல மாடி அலுவலகம் போன்ற இடங்களுக்கு. ஐம்பது பேர் அலுவலகத்துக்கு அவற்றை விற்பவர் உங்கள் தேவையைப் பார்க்கவில்லை.

அருபாவின் கதை நீளம். எச்பியின் புரோகர்வ் வரிசையில் தொடங்கி, 2010-ல் 3காம் சேர்ந்து, 2015-ல் அருபாவை எச்பி வாங்கியபின் அந்தப் பெயரே ஸ்விட்சுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. சிஎக்ஸ் மென்பொருள் தெளிவாக எழுதப்பட்டது, கட்டளைகள் சிஸ்கோ தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். நடுத்தர அலுவலகத்துக்கு விலை, வாரண்டி, லைசன்ஸ் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சிஎக்ஸ் 6000-உம் 6100-உம் இன்று மிகவும் நியாயமான தேர்வு என்பது என் கருத்து. ஒரு குறை: இந்த இரண்டையும் ஒன்றோடொன்று அடுக்கி ஒரே ஸ்விட்சாக இயக்க முடியாது. அது வேண்டுமென்றால் 6200-க்குப் போக வேண்டும். அதில் எட்டு வரை அடுக்கலாம், 6300-ல் பத்து.

அருபாவின் இன்றைய உரிமையாளரான எச்பிஇ, 2025 ஜூலையில் ஜூனிப்பரையும் வாங்கி முடித்தது. ஜூனிப்பரின் இஎக்ஸ் வரிசை வேலை தெரிந்த பொறியாளர்களுக்குப் பிரியமானது. அதற்குத் தகுந்த காரணம் உண்டு. அதன் மென்பொருளான ஜூனோஸில் மாற்றங்களை எழுதி வைத்து, சரிபார்த்து, ஒரே நேரத்தில் அமல்படுத்தலாம். "உறுதிசெய்தால் மட்டும் நிலைக்கட்டும்" என்ற கட்டளையோடு அமல்படுத்தினால், பத்து நிமிடத்துக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் ஸ்விட்ச் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடி கிளையின் ஸ்விட்சை மாற்றும்போது ஒரு வரி தவறினால் இணைப்பே அறுந்துவிடும். இந்த வசதி இல்லாவிட்டால் அதைச் சரிசெய்ய யாராவது பஸ் ஏற வேண்டும். அருபாவும் ஜூனிப்பரும் இப்போது ஒரே வீட்டில் இருப்பதால், நீங்கள் வாங்கும் மாடலின் எதிர்காலம் என்ன என்று விற்பனைப் பிரதிநிதியிடம் நேராகக் கேளுங்கள். இதே இணைப்புக்காக அமெரிக்க நீதித்துறையோடு 2025 ஜூனில் செய்துகொண்ட உடன்பாட்டில், இன்ஸ்டன்ட் ஆன் என்ற சிறுதொழில் வணிகத்தை விற்றுவிட எச்பிஇ ஒப்புக்கொண்டது. அந்த வரிசையில் வாங்க நினைப்பவர்கள் ஆதரவை யார் தரப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டபிறகு வாங்கலாம்.

அரிஸ்டா 2008 முதல் ஜெயஸ்ரீ உல்லால் தலைமையில் வளர்ந்த நிறுவனம், பெரிய தரவு மையங்களின் விருப்பம். சொந்தமாகத் தரவு மையம் இல்லாதவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

லாட்வியாவின் மைக்ரோடிக்கைப் பற்றி நம் ஊரில் இரண்டு எதிரெதிர் அபிப்பிராயம் கேட்கலாம், இரண்டும் சரி. அந்த விலைக்கு அத்தனை வசதியை வேறு யாரும் தருவதில்லை. ஆனால் அதை அமைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிஆர்எஸ் ஸ்விட்சில் பிரிட்ஜைத் தவறாக அமைத்தால் பேக்கெட்டுகள் ஸ்விட்ச் சிப்பை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சிறிய சிபியு வழியாகப் போகத் தொடங்கும்; வேகம் படுத்துவிடும். எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும், மெதுவாக மட்டும் இருக்கும், காரணம் தெரியாது. அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் நன்கு தெரிந்த ஆள் உங்களிடம் நிரந்தர வேலையில் இருந்தால் வாங்குங்கள். அவர் வெளியாள் என்றால் வேண்டாம்.

யூபிக்விட்டியின் யூனிஃபை திரையைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். ஸ்விட்ச், வைஃபை, கேமரா எல்லாம் ஒரே படத்தில் தெரியும். வடிவமைப்பு நிறுவனம், உணவகம், சிறு மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் கட்டுப்பாட்டு மென்பொருள் இல்லாமல் தனி ஸ்விட்சாக அதை நிர்வகிக்க முடியாது. வாரண்டிக் காலமும் சிஸ்கோ, அருபாவோடு ஒப்பிட்டால் குறைவு. டிபி-லிங்கின் ஓமாடா ஏறக்குறைய அதே அனுபவத்தைக் குறைந்த விலையில் தருகிறது, தனியாகவும் நிர்வகிக்கலாம். பள்ளிகளுக்கும் சிறு கடைத் தொடர்களுக்கும் இதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

நெட்கியரை ஒரு தேவைக்காகத் தனியாக நினைவில் வையுங்கள். ஒலியும் ஒளியும் நெட்வொர்க்கில் ஓடும் அரங்கம், கூட்ட அறை, ஸ்டூடியோவுக்கென்றே செய்தது அதன் எம்4250 வரிசை. டான்டே, என்டிஐ போன்றவற்றுக்கான அமைப்புகள் முன்கூட்டியே உள்ளே இருக்கின்றன. டி-லிங்க் நம் நாட்டில் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்; கோவாவில் பதிவான இந்திய நிறுவனமே அதற்கு இருக்கிறது. டிஜிஎஸ்-1210 வரிசை பத்து, பதினைந்து பேர் அலுவலகத்துக்குப் போதும்.

ஒன்றை மட்டும் எந்தப் பிராண்டிலும் வாங்காதீர்கள்: நிர்வகிக்கவே முடியாத, அமைப்பு எதுவும் இல்லாத சாதாரண ஸ்விட்ச். யாரோ ஒருவர் மேசையடியில் தொங்கும் கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால் பேக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி அலுவலகம் முழுவதும் ஸ்தம்பித்துவிடும். வளையத்தைக் கண்டுபிடித்து அந்தப் போர்ட்டை மூடும் வசதி மலிவான ஸ்மார்ட் ஸ்விட்சிலேயே இருக்கிறது.

கலந்து வாங்கினால்

பல பிராண்டுகள் சேர்ந்து வேலை செய்யும். ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலானுக்கான 802.1க்யூ எல்லாருக்கும் பொதுவான தரம். சிக்கல் வருவது ஸ்பானிங் ட்ரீ எனப்படும் வளையத் தடுப்பில். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9000 போன்றவை விலானுக்கு ஒன்றாகத் தடுப்பு மரத்தை ஓட்டும். மற்றவர்கள் பெரும்பாலும் மொத்தத்துக்கும் ஒன்று, அல்லது விலான் தொகுதிக்கு ஒன்று. ஆகவே கலந்து வாங்கினால் எல்லாவற்றையும் எம்எஸ்டிபி என்ற பொதுத் தரத்துக்கு மாற்றுங்கள். அதைவிட முக்கியம், மரத்தின் வேர் எந்த ஸ்விட்ச் என்று நீங்களே முடிவுசெய்வது. எல்லா ஸ்விட்சும் 32768 என்ற ஒரே முன்னுரிமையோடு வரும். சமநிலையில் சிறிய மேக் முகவரி உள்ளது வேராகும்; பெரும்பாலும் அது அலுவலகத்திலேயே பழையதாக இருக்கும். புதிதாக வாங்கிய மைய ஸ்விட்ச் இருக்க, கிடங்கு மூலையில் கிடக்கும் பத்து ஆண்டுப் பெட்டி வழியாக எல்லாம் ஓடும் நிலை இப்படித்தான் வருகிறது.

ஃபைபர் கேபிளை இணைக்க ஸ்விட்சில் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலிலும் பிராண்டு தலைகாட்டும். சிஸ்கோவும் அருபாவும் தங்களுடையது அல்லாத மாட்யூலை முதலில் ஏற்காது. கட்டளை போட்டு ஏற்கச் செய்யலாம், ஆனால் அதன்பின் பழுது வந்தால் ஆதரவு கேட்பது கடினம். மைக்ரோடிக், யூபிக்விட்டி, டிபி-லிங்க் இதில் தாராளம். பத்துக்கும் மேல் ஃபைபர் இணைப்பு உள்ள வளாகத்தில் மாட்யூல் செலவே ஸ்விட்ச் விலையை நெருங்கிவிடும் என்பதால் இதை விலைப்புள்ளியில் தனி வரியாகக் கேளுங்கள்.

பாதுகாப்பும் போலிகளும்

2023 அக்டோபரில் சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இயின் வலைப்பக்க நிர்வாக வசதியில் உச்ச அபாய மதிப்பெண்ணான 10 பெற்ற ஓட்டை வெளிவந்தது. திருத்தம் வருவதற்கு முன்பே உலகெங்கும் ஆயிரக்கணக்கான கருவிகளுக்குள் ஊடுருவிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவை நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த கருவிகள். பெரிய பிராண்டு என்பதால் ஓட்டையே இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய பிராண்டின் நன்மை, ஓட்டையை வெளிப்படையாக அறிவித்துத் திருத்தம் தருவதில் இருக்கிறது. ஸ்விட்சின் நிர்வாகத்துக்குத் தனி விலான் வையுங்கள், பயன்படுத்தாத வலைப்பக்க வசதியை மூடுங்கள், இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி ஒருபோதும் வைக்காதீர்கள்.

போலிகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஓர் ஐடி நிறுவனத்தில் மென்பொருளைப் புதுப்பித்ததும் இரண்டு ஸ்விட்சுகள் நின்றுபோயின. எஃப்-செக்யூர் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து, கேட்டலிஸ்ட் 2960-எக்ஸின் போலிகள் என்று 2020-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அதுவரை அவை அசலைப் போலவே ஓடிக்கொண்டிருந்தன. சந்தை விலையைவிட நம்ப முடியாத அளவு குறைவாகக் கிடைத்தால், பணம் கொடுக்கும் முன் தொடர் எண்ணை உற்பத்தி நிறுவனத்திடம் சரிபாருங்கள். பெரிய கொள்முதலில் எம்ஏஎஃப் எனப்படும் உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதத்தை டீலரிடம் கேளுங்கள். முறையாக விற்பவர் தயங்க மாட்டார்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய ஸ்விட்சுகள் படிப்பவர்களுக்கு நல்லவை, சிசிஎன்ஏ பயிற்சிக்கு அதைவிட மலிவான வழியில்லை. வணிகத்துக்கு வேண்டாம். சிஸ்கோவின் மென்பொருள் லைசன்ஸ் இரண்டாம் கை வாங்கியவருக்குத் தானாக மாறாது. பாதுகாப்புத் திருத்தம் கேட்கும் உரிமையும் வராது.

பணம் கொடுக்கும் முன்

விலைப்புள்ளியில் முழு மாடல் எண்ணும், மொத்த பிஓஇ வாட்டும், லைசன்ஸ் காலமும், அது முடிந்தால் என்ன நிற்கும் என்பதும், மாற்றுப் பெட்டி எத்தனை நாளில் வரும் என்பதும், 18 சதவீத ஜிஎஸ்டியும் தனித்தனி வரியாக இருக்கட்டும். "சிஸ்கோ 24 போர்ட், 4 எண்ணம்" என்று மட்டும் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மலிவான பிராண்டை நான்கு வாங்குவதாக இருந்தால் ஐந்தாக வாங்கி, ஒன்றை அதே அமைப்போடு அலமாரியில் வையுங்கள். எந்த நிறுவனத்தின் மாற்றுச் சேவையையும்விட அது வேகமானது. அமைப்பு வேலை முடிந்ததும் டீலரிடமிருந்து ஒவ்வொரு ஸ்விட்சின் அமைப்புக் கோப்பு நகல், நிர்வாகக் கடவுச்சொல், எந்தப் போர்ட்டில் என்ன இணைந்திருக்கிறது என்ற பட்டியல் மூன்றையும் வாங்குங்கள். இணையவழி நிர்வாகக் கணக்கு டீலரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால் உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள். இவை உங்கள் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.